76 நம்பர் காக் ஏற்காட்டுல அவுட் போகுமா?

அஸ்தம்பட்டி ஆட்டக்காரர்:
அடுத்த மாசம் ஏற்காட்டுல ரெண்டு நாள் பேட்மிண்டன் டபுள்ஸ், உள்ளரங்கம். சேலத்துல எல்லாரும் 76 நம்பர் இறகுக் காக்லதான் (ஷட்டில்) ஆடறோம். மேல குளிருக்குக் காக் மந்தமா போகும், 77 வாங்குங்கன்னு ஒருத்தர் சொல்றார். அங்க ஆடினவங்க, 76-ஏ கடைசிக் கோட்டைத் தாண்டி விழுதுங்கறாங்க. எதை வாங்கறது?

லேடி சீட்:
ஆடினவங்க சொல்றதுதான் சரிங்க. குளிர்ல காத்து அடர்த்தியாகி காக் மந்தமாகறது உண்மை. ஆனா மலையில உயரக் கணக்கு அதை முழுங்கிடும். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. இந்த ஏத்தத்துக்குக் காத்தழுத்தம் 13, 14 சதவீதம் குறையுது; 10 டிகிரி குளிர் அதுல 3 சதவீதத்தைத்தான் ஈடுகட்டும். பறக்கற ஷட்டிலைப் பிடிச்சு நிறுத்தறது காத்துதானே? அது லேசானா, கீழ உள்ளே விழற அதே கிளியர் (கடைசிக் கோடு வரைக்கும் தூக்கி அடிக்கற அடி) மேல அவுட்.

அந்த நம்பர் எடைங்க, கிரெயின்ங்கற எடை அளவுல. 76-ன்னா சுமார் 4.92 கிராம், 75-ன்னா 4.86. நம்பர் குறையக் குறைய மெதுவு. அதனால 77 வேண்டவே வேண்டாம். 75 வாங்குங்க, 74 கிடைச்சா அதுலயும் ஒரு டியூப். சில கம்பெனி டியூப்ல 1, 2, 3-ன்னு போட்டிருப்பான். 1-ங்கறது 75, 2-ங்கறது 76. நைலான் காக்னா, மெதுவான பச்சைப் பட்டை போட்டது.

அஞ்சு ரோடு:
நம்பரை மட்டும் நம்பாதீங்க, டெஸ்ட் பண்ணிப் பாருங்க. விதியிலேயே இருக்கு. கடைசிக் கோட்டுக்கு நேரா ஷட்டிலைத் தொடற மாதிரி நின்னு, கீழிருந்து மேலா முழு வீச்சுல, பக்கக் கோட்டுக்கு இணையா அடிக்கணும். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 செ.மீ.ல இருந்து 99 செ.மீ. முன்னாடிக்குள்ள விழுந்தா சரியான வேகம். டேப்பெல்லாம் தேடாதீங்க: டபுள்ஸ் நீள சர்வீஸ் கோடு கடைசிக் கோட்டுல இருந்து 76 செ.மீ., அதாவது நட்ட நடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண், அவ்வளவுதான்.

தப்பு எங்க நடக்குதுன்னா, பாதி வீச்சுல தட்டிட்டு "ஸ்லோ"ன்னு சொல்லிடறாங்க. ஃபேனை நிறுத்துங்க, ரெண்டு பக்கமிருந்தும் அடிங்க. இறகு ஒடிஞ்ச காக்ல டெஸ்டே கூடாது, தள்ளாடிக்கிட்டே போய் முன்னாடியே விழுந்துடும்.

அஸ்தம்பட்டி ஆட்டக்காரர்:
ரொம்ப நன்றிங்க. ஹால் கிடைக்கலேன்னா வெளியில ஆடலாமா?

லேடி சீட்:
இறகுக் காக்ல வேண்டாம். அஞ்சு கிராம் சாமானுக்கு மலைக்காத்து ரொம்ப அதிகம்; பனிமூட்டத்துல இறகு ஈரமானா எடையும் கூடிடும். இது புதுத் தொல்லையும் இல்ல. தொடக்கத்துல இந்த ஆட்டத்துக்கு, புனே ஊரை வெச்சுப் பூனான்னும் ஒரு பேரு இருந்தது. அங்க வெளியில ஆடினவங்க, காத்தும் ஈரமும் இருந்தா ஷட்டிலை வெச்சுட்டு கம்பளி உருண்டையைத்தான் எடுத்தாங்க. நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் வேர்விட்ட பூப்பந்துக்கும் (பால் பேட்மிண்டன்) அதே கம்பளிப் பந்துதான். வெளியிலன்னா அணிக்கு அஞ்சு பேரா பிரிஞ்சு பூப்பந்தே ஆடிடுங்க. அதுக்கு 24-க்கு 12 மீட்டர் சமதரை வேணும், மலையில அதை முதல்ல பார்த்து வெச்சுக்குங்க.