சிகுர்த் ஃபாஃப்னிரைக் குத்தும் காட்சி: வரைபவர்கள், செதுக்குபவர்கள் பகிர்ந்தவை

கோட்டுமை:
பழைய வட ஐரோப்பியக் கதையில் சிகுர்த் என்ற வீரன் ஃபாஃப்னிர் என்ற நாகத்தைக் கொல்கிறான். வைக்கிங் பாணியில் இந்த நாகவதைப் படம் என்றதும் பலரும் முதலில் வீரனை வரைகிறார்கள், பிறகு மிச்ச இடத்தில் நாகத்தைச் சுருட்டி வைக்கிறார்கள். அங்கேயே வேலை கெட்டுவிடுகிறது. சுவீடனில் எஸ்கில்ஸ்துனா அருகே ராம்சுந்த் பாறையில் 1030 வாக்கில் வெட்டிய படத்தைப் பாருங்கள். 4.5 மீட்டருக்கும் மேல் நீளம். அதில் ஃபாஃப்னிரின் உடம்பேதான் படத்தின் சட்டம். ரூன் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் ஓடும் பட்டையும் அதே உடம்புதான். சிகுர்த் பட்டைக்கு வெளியே, கீழே நின்று வாளை மேல்நோக்கிச் செலுத்துகிறான். குழியில் பதுங்கி அடிவயிற்றில் குத்தினான் என்ற கதையை ஒரே கோட்டில் சொல்லியாகிவிட்டது. பட்டைக்கு உள்ளே மற்ற கதை முழுவதும் இருக்கிறது: தலை வெட்டுண்ட கொல்லன் ரெகின், அவன் சுத்தியலும் இடுக்கியும், மரத்தில் கட்டிய குதிரை கிரானி, கிளையில் பறவைகள், நெருப்பில் வாட்டும் நாகத்தின் இதயம், சுட்ட கட்டைவிரலை வாயில் வைத்திருக்கும் சிகுர்த். அதனால் பட்டையை முதலில் போடுங்கள், ஆட்கள் பிறகு வரட்டும்.

600 × 300 மி.மீ. பலகைக்கு அளவு சொல்கிறேன். ஓரம் விட்டு 520 × 220 நீள்வட்டமாக நடுக்கோடு போட்டால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 1200 மி.மீ. தலைக்கும் வால் முடிச்சுக்கும் 250 கழித்தால் 950 மிஞ்சும். பட்டை அகலம் 30. நடுக்கோட்டை ஒரு நூலால் அளந்து பாருங்கள், கண்ணால் பார்த்த மதிப்பு எப்போதும் குறைவாகவே வரும்.

உடம்பும் வாலும் ஒன்றையொன்று கடக்கும் பின்னலில், வெட்டும் இடம்தோறும் கோடு மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி வரவேண்டும். முனையே இல்லாமல் மூடிய வளையங்களாக இருந்தால் இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வந்து முடியும். வரவில்லை என்றால் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டியிருக்கும், அல்லது வெறுமனே தொட்டதை வெட்டியதாக எண்ணியிருப்பீர்கள். நாகத்துக்கு வால் முனை இருப்பதால்தான் சிக்கல். வால் நுனி ஒரு கண்ணிக்குள் நுழைந்து அங்கேயே நின்றுவிட்டால், அந்தக் கண்ணி ஒற்றைப்படையாக வெட்டுப்பட்டு, எங்கேயோ ஓரிடத்தில் 'மேல்-மேல்' என்று வந்து நிற்கும். நுனியைக் கண்ணிக்கு வெளியே இழுத்து முடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உளிமுனை:
கோட்டுமை அண்ணன் சொன்னதோடு மரத்துக்கான சேர்க்கை. பாணியை முதலில் முடிவு செய்யாமல் உளியை எடுக்க வேண்டாம். வைக்கிங் காலக் கலையில் ரிங்கெரிகே, ஊர்னெஸ் என்று இரண்டு பாணிகள். ரிங்கெரிகே என்றால் கொத்துக் கொத்தாகக் கொடி நுனிகள், தொடையில் சுருள். ஊர்னெஸ் என்றால் அகலமான கோடு ஒன்று, மெல்லிய கோடு ஒன்று, எட்டு வடிவில் நீண்ட கண்ணிகள், மூக்கை நோக்கிக் கூராகும் பாதாம் கண். ஊர்னெஸ் கோட்டில் திடீர்த் தடிப்பு கிடையாது. 30 மி.மீ. உடம்பு 8 மி.மீ. வாலாக இளைக்க, பட்டையின் முழு நீளத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கோயில் கொடிக்கருக்கில் பழகிய கை, இலை நுனி ஒவ்வொன்றையும் தடித்துச் சுருட்டவே போகும். அந்தப் பழக்கம் ஊர்னெஸைக் கொன்றுவிடும். ரிங்கெரிகேக்கு ஓரளவு உதவும்.

பழகுவதற்கு லைம் மரம் (லிண்டன், எலுமிச்சை அல்ல) நல்லது. நார்வே மரத் தேவாலயங்களில் பெரும்பாலும் பைன்தான், ஆனால் பைனில் மென்மையும் கடினமும் அடுத்தடுத்த வரிகளாக இருப்பதால் மழுங்கிய உளி மென்மையான வரியை நசுக்கிவிடும். 40 மி.மீ. தடிமன் எடுங்கள். 25-இல் தளத்தை 12 மி.மீ. இறக்கினால் மிச்சம் மெலிந்துபோய்ப் பலகை கவிழ்ந்து வளையும். நார் ஓட்டம் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே போகும் மெல்லிய கொடி 6 மி.மீ.க்குக் கீழே போனால் தட்டும்போதே ஒடியும். கண்ணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் கையில் இருக்கும் மிகச் சிறிய உளியைவிடக் குறுகக் கூடாது. குறுகினால் அடியைச் சுத்தம் செய்ய வழியே இல்லை.

கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வீ உளியால் வாய்க்கால் போட்டு, தளத்தை மூன்று முறையாக 4 மி.மீ. வீதம் இறக்குங்கள். அதற்குப் பிறகுதான் கோட்டின் மேல் செங்குத்து வெட்டு. முதலிலேயே கோட்டில் உளியை நட்டுக் கொட்டாப்புளியால் அடித்தால் இரண்டு பக்கமும் நார் நசுங்கும், விளிம்பு பொரிந்து வரும்.

எல்லோரும் தடுமாறும் இடம் பட்டைகள் வெட்டும் இடம். அடியில் போகும் பட்டையை அந்த இடத்தில் மட்டும் குழித்தால் பள்ளத்தில் விழுந்து எழுந்த மாதிரி தெரியும். ஒரு பட்டை அகலத்துக்கு முன்பே சரிவைத் தொடங்கி, மேல் பட்டையின் ஓரத்தில் 4 அல்லது 5 மி.மீ. ஆழத்தைத் தொட்டு, மறுபக்கமும் அதே நீளத்தில் ஏறவேண்டும். மேல் பட்டையை அங்கே தொடவே வேண்டாம். பட்டையின் ஓரத்துக்கு அடியில் உள்நோக்கிக் குடையும் உட்சரிவு வெட்டு கடைசி வேலை. முன்னாலேயே செய்துவிட்டால் பிறகு கோட்டைத் திருத்த மரம் இருக்காது.

உப்புத்தாள் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உளித் தடம் ஒளியை உடைத்துக் காட்டுவதால்தான் நாகம் நெளிகிறது. தேய்த்துவிட்டால் பிளாஸ்டிக் வார்ப்பு போல ஆகிவிடும்.

ரூன்பட்டை:
எழுத்தைப் பற்றிக் கொஞ்சம். 11ஆம் நூற்றாண்டுப் பாணியில் வரைந்துவிட்டு 24 எழுத்துள்ள பழைய ஃபுதார்க்கை (ரூன் நெடுங்கணக்கை) எழுதுவதுதான் அதிகம் கண்ணில் படும் பிழை. அப்போது வழக்கில் இருந்தது 16 எழுத்துள்ள இளைய ஃபுதார்க். ககரத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே எழுத்து, தகரத்துக்கும் பகரத்துக்கும் அப்படியே. தமிழில் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை. சிகுர்த் என்று எழுதும்போது நடு எழுத்துக்குத் தனியாக ஒன்றைத் தேடாமல் ககரத்துக்கான 'கவுன்' ரூனையே போடுங்கள்.

ரூனின் நேர்க்கோடான தண்டு, பட்டையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை முழு உயரத்துக்கும் நிற்கவேண்டும், நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக. 30 மி.மீ. பட்டைக்கு எழுத்துக்கு 20 மி.மீ. ஒதுக்கினால், மேலே சொன்ன 950 மி.மீ. நீளத்தில் 47 எழுத்து அடங்கும். சொற்களுக்கு நடுவே வரும் சிலுவைக் குறியையும் ஒரு எழுத்தாக எண்ணுங்கள். வளைவின் உள் ஆரம் பட்டை அகலத்தைவிடக் குறைந்தால் தண்டுகளின் உள் நுனிகள் நெருங்கி முட்டும். அங்கே எழுத்தை வைக்காமல் வளைவையே தளர்த்துவது மேல். சிலர் கடைசியில் இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள். அது எட்ட நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

என்ன எழுதுவது? ராம்சுந்தில் சிகுர்த் பெயரே கிடையாது. சிக்ரித் என்ற பெண், தன் கணவன் ஹோல்ம்கெய்ரின் ஆன்மாவுக்காகப் பாலம் அமைத்ததைத்தான் அந்த வரி சொல்கிறது. ஆகவே படத்துக்கு விளக்கம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. யார் நினைவாக, யார் செய்வித்தது என்ற நினைவு வரி அந்தப் பட்டையில் இயல்பாக உட்காரும்.

கல்லுளி:
ஸ்லேட் கல்லில் செய்கிறவர்களுக்கு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவின் கற்சிலுவைகள்தான் நல்ல மாதிரி. ஆண்ட்ரியாஸ், ஜர்பி, மாலூ ஊர்களில் சிகுர்த் காட்சிகள் ஸ்லேட்டிலேயே இருக்கின்றன. 6 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு முனை உளி, அரைக் கிலோவுக்குள் ஒரு சுத்தியல் போதும். முதலில் நடுக்கோட்டில் மெல்லிய வரி, பிறகு இரண்டு பக்கமும் சரிவு. 5 மி.மீ. அகல வரிக்கு ஆழம் 2.5 இருந்தால் நிழல் விழும். ஸ்லேட் அடுக்கு அடுக்காக உரியும் கல். விளிம்பை நோக்கி அடித்தால் ஏடு பெயர்ந்து கையோடு வரும், எப்போதும் விளிம்பிலிருந்து உள்ளே அடியுங்கள். இரண்டு வரிகள் சந்திக்கும் மூலைக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து முடியுங்கள். தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் போகாது. கல்லை நனைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள், துணி முகக்கவசம் போதாது, நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) தர முகக்கவசம் வேண்டும்.

தோல்வேலை:
தோலில் செய்வதானால் தாவரப் பதனீட்டுத் தோல், 3 முதல் 3.5 மி.மீ. குரோம் பதனிட்டதில் தடம் நிற்காது, அமுங்கி மறுபடி எழும்பிவிடும். நனைத்த உடனே வெட்டினால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும். மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கி, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது வெட்டுங்கள். ஆழம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. மேல் பட்டையின் ஓரத்தை ஒட்டி அடிப்பட்டையை மட்டும் அமுக்கினால் பின்னல் தானாக எழும். ஈரத் தோலில் இரும்புத் துகள் பட்டால் கறுப்புக் கறை ஏறும், இரும்பை அரம் போட்ட மேசையில் வைக்கவே வேண்டாம்.

கோட்டுமை:
என்ன நிறம் பூசுவது என்று கேட்டவருக்கு: ரூன் கற்களில் சிவப்பு, கறுப்பு, வெள்ளைச் சாயத் தடங்கள் கிடைத்திருக்கின்றன. காவிச் சிவப்பு, விளக்குக் கரி, சுண்ணத்தூள், மூன்றையும் ஆளிவிதை எண்ணெயில் குழைக்கலாம். மரத்துக்கு முதல் பூச்சில் எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி, மெல்லியதாக. தடித்துப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இன்னொன்று, வீரன் தலையில் கொம்பு வைக்க வேண்டாம். 1943-இல் நார்வேயில் கிடைத்த ஜெர்முன்புத் தலைக்கவசத்தில் கண்ணைச் சுற்றி இரும்புக் காப்பு உண்டு, கொம்பு இல்லை.

உளிமுனை:
கொம்பைவிட எனக்கு உறுத்துவது, கதை தெரியாமல் உருப்படிகளை அள்ளி வைப்பது. ராம்சுந்துக்கு அருகிலேயே, அதே சோடர்மன்லாந்தில், சிகுர்த் கதையை வெட்டிய இன்னொரு கல்லான கோக் கல் இருக்கிறது. குதிரை, மரம், வாள் எல்லாம் இருந்தும் கோவை இல்லாமல் கிடக்கின்றன. இடம் குறைவென்றால் மூன்று போதும்: கீழிருந்து ஏறும் வாள், வாயில் கட்டைவிரல், கிளையில் பறவை. இதயத்தின் சாறு நாவில் பட்டதும் பறவை மொழி புரிந்தது, தன்னைக் கொல்ல நினைத்த ரெகினின் வஞ்சகம் தெரிந்தது என்பது அந்த மூன்றிலேயே வந்துவிடும். பெரிய பலகை கிடைத்தால், ஓஸ்லோவில் இருக்கும் ஹைலஸ்டாட் தேவாலயக் கதவு நிலைகளைப் பாருங்கள். அங்கே கொடி வட்டம் ஒன்றுக்கு ஒரு காட்சி என்று, உலைக்களத்திலிருந்து பாம்புக் குழியில் கால்விரலால் யாழ் மீட்டும் குன்னார் (சிகுர்தின் மைத்துனன்) வரை அடுக்கியிருக்கிறார்கள். வட்டங்களை இணைக்கும் கொடிதான் அங்கே பட்டையின் வேலையைச் செய்கிறது, அதனால் அதையும் ஆட்களுக்கு முன்பே வரைந்து முடிக்க வேண்டும்.