புதுப்பிப்பு: அம்மாவுக்கு வந்தது நிமோனியாதான்

சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன்: 71 வயது அம்மாவுக்கு நான்கு நாட்களாக இருமல், காய்ச்சல் 99 டிகிரிதான், ஆனால் பேச்சு திடீரென்று குழம்புகிறது, என்ன செய்வது என்று. “மூச்சை எண்ணிப் பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு என் நன்றி. அம்மா அறியாமல் ஒரு நிமிடம் முழுதும் எண்ணினேன்: 32. இயல்பு 12 முதல் 20 வரைதான். உடனே கிளம்பிவிட்டோம்.

மருத்துவர் வலப்பக்க முதுகின் அடியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். காதோரம் முடியை விரல்களுக்கிடையே தேய்த்தால் எழுமே, அதே நொறுநொறுப்பு. அங்கே தட்டினால் மந்தமான ஓசை. ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம்தான், குறைவு. எக்ஸ்ரேயில் அதே இடத்தில் வெள்ளைத் திட்டு. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 18,400, அதில் பாக்டீரியாவோடு போராடும் நியூட்ரோஃபில் வகை 88 சதவீதம், இரண்டுமே இயல்பைவிட அதிகம். பாக்டீரியாவாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது, அவ்வளவே. எந்தக் கிருமி என்று இவை சொல்லாது. சளியைக் கிராம் சாயமிட்டு (பாக்டீரியாவின் வகையை நிறத்தால் காட்டும் சாயம்) நுண்ணோக்கியில் பார்த்தபோது ஊதா நிறத்தில் இரட்டை இரட்டையாகக் கிருமிகள் தெரிந்தன. மூன்றாம் நாள் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அது நியூமோகாக்கஸ் என்ற நிமோனியா பாக்டீரியா என்று உறுதிசெய்தது. ஆன்டிபயாடிக் அதுவரை காத்திருக்கவில்லை. ரத்தம் எடுத்த கையோடு தொடங்கிவிட்டார்கள்.

முதலில் போன கிளினிக்கில் காய்ச்சல் இல்லையென்று இருமல் மருந்தோடு அனுப்பியது இன்னும் வலிக்கிறது. முதியவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலே நிமோனியா வரலாம். குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இன்று மூச்சு 18. காபியில் சர்க்கரை போதவில்லை என்று காலையில் கடிந்துகொண்டார்.