1861 கெஜட்டில் லண்டன் கண்காட்சி விதிகளும் முன்சீப் நியமனங்களும்: எப்படி வாசிப்பது?

பாரிமுனை வழக்கறிஞர்:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சைப் பகுதியில் உள்ள ஒரு பழைய முன்சீப் கோர்ட்டில், அதாவது கீழ்நிலை சிவில் நீதிமன்றத்தில், ஆதிமுதல் பணியாற்றிய நீதிபதிகளின் பட்டியலைத் தொகுத்துத் தரும்படி அங்குள்ள வழக்கறிஞர் நண்பர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் சென்னையில் இருப்பதால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டின் பழைய தொகுதிகளைப் புரட்டி வருகிறேன். 1861-ஆம் ஆண்டு இதழ் ஒன்றில், ஒரு பத்தியில் 1862 லண்டன் சர்வதேசக் கண்காட்சிக்குப் பொருள் அனுப்புவோருக்கான விதிகளும், அதை ஒட்டிய பத்தியிலேயே மாவட்ட முன்சீப்புகளின் நியமனமும் விடுப்பும் அச்சாகியுள்ளன. பக்க ஓரங்கள் பொடிந்திருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருக்கிறது.

என் ஐயங்கள் இரண்டு. லண்டனில் நடக்கும் ஒரு கண்காட்சியின் விதிகளைச் சென்னை அரசாங்கம் தன் கெஜட்டில் ஏன் வெளியிட வேண்டும், அவற்றுக்கு இங்கே சட்ட வலு ஏதேனும் இருந்ததா? அடுத்ததாக, நான் தேடும் கோர்ட்டுக்குச் சில மாத இடைவெளியில் மூன்று பெயர்கள் வருகின்றன. அவர்களுள் ஒருவர் ஆக்டிங், அதாவது தற்காலிகமாகப் பொறுப்பு வகித்தவர். பட்டியலில் யாரைச் சேர்ப்பது, கெஜட் தேதியையே பதவியேற்ற தேதியாகக் கொள்ளலாமா?

எழும்பூர் வாசகர்:

கண்காட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கோர்ட்டு விஷயத்தை அதில் பழகியவர்கள் சொல்லட்டும்.

அந்த விதிகள் சென்னையில் எழுதப்பட்டவை அல்ல. முதலில் 1861-இல் நடத்துவதாக இருந்து, 1859-இல் மூண்ட இத்தாலியப் போரின் காரணமாக ஓராண்டு தள்ளிப்போன அந்தக் கண்காட்சிக்காக லண்டனில் அமைந்த ஆணையர் குழு எடுத்த முடிவுகளே அவை. உங்கள் முதல் ஐயத்துக்கான விடையும் அவற்றுள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டவரோடும் காலனி நாட்டவரோடும் ஆணையர்கள் நேரடியாகத் தொடர்பு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தந்த அரசாங்கம் நியமிக்கும் குழுவின் வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும். அக்குழு ஒப்புக்கொள்ளாத எந்தப் பொருளையும் ஏற்க மாட்டார்கள். ஆகவே, ஆரணியில் மெல்லிய மஸ்லின் நெய்தவர் எவரும் தாமே பெட்டி கட்டி லண்டனுக்கு அனுப்பிவிட முடியாது. அரசாங்கம் இடையில் நின்றே ஆக வேண்டும் என்ற நிலையில், அதற்கு இருந்த அறிவிப்புப் பலகை கெஜட்தான்.

விதிகளின் உள்ளடக்கமும் சுவையானது. காட்சிக்கு வைக்கும் இடத்துக்கு வாடகை கிடையாது; ஆனால் கொண்டுசேர்க்கும் செலவும் அடுக்கிவைக்கும் செலவும் அனுப்புகிறவருடையவை. உயிருள்ள விலங்குகள், செடிகள், அழுகக்கூடியவை, வெடிக்கக்கூடியவை ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. எண்ணெய், சாராயம், அமிலம் போன்றவை பத்திரமான கண்ணாடிக் கலங்களில் வர வேண்டும். லண்டனில் நடந்த 1851 கண்காட்சியில் பொருளின் மேல் விலையை எழுதி ஒட்டத் தடை இருந்தது; 1862-இல் அது நீங்கியது. பதக்கமும் ஒரே தரம்தான், முதல் பரிசு இரண்டாம் பரிசு என்ற பேதமில்லை.

எல்லாவற்றையும்விட என் கண்ணை உறுத்துவது, தொழிற்பொருள்கள் 1850-க்குப் பின் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும் என்ற விதி. ஆண்டுதோறும் புது எந்திரம் காட்டும் மான்செஸ்டருக்கு அது பொருந்தும். பாட்டனார் நெய்த முறையிலேயே பேரனும் நெய்வதுதான் பெருமை என்றிருந்த நம் நெசவாளருக்கு, அந்த ஆண்டுக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. வீட்டில் பொக்கிஷமாக வைத்திருந்த பழைய சேலையை அனுப்ப முடியாமல் போனதே மிச்சம்.

இதழின் தேதியையும் கவனியுங்கள். லண்டனில் பொருள்களைப் பெற்றுக்கொண்ட காலம் 1862 பிப்ரவரி 12 முதல் மார்ச் 31 வரை. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான். அதற்கு முன் கனமான பெட்டிகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்க்கப்பலில் போக மாதக்கணக்கில் ஆகும். உங்கள் இதழ் ஆண்டின் கடைசியில் வந்தது என்றால், அதைப் படித்த பிறகு பொருள் திரட்டத் தொடங்கியவருக்கு அநேகமாகக் காலம் கடந்திருக்கும்.

சென்னைக்கு இந்த வேலை புதிதும் அல்ல. இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடத்தில் 1855-இலேயே பெரிய கண்காட்சி நடந்திருந்தது. அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்த எட்வர்ட் பால்ஃபர், 1850-இல் கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் போன்றவர்கள் இத்தகைய திரட்டலில் கைதேர்ந்திருந்தார்கள்.

சட்ட வலு இருந்ததா என்றால், இல்லை. இவை நுழைவு நிபந்தனைகள். மீறினால் பொருள் திரும்பிவிடும், அவ்வளவுதான். கெஜட்டில் அச்சானதெல்லாம் சட்டமாகிவிடாது என்பதை வழக்கறிஞரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். பணிக்காலம் முழுவதும் மாவட்டக் கோர்ட்டு அலுவலகங்களிலேயே இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கெஜட்டில் இருப்பது உத்தரவு. அந்த மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. உத்தரவு பிறந்த நாள், அச்சான நாள், பழைய முன்சீப் பொறுப்பை ஒப்படைத்த நாள், புதியவர் சார்ஜ் எடுத்த நாள் என்று நான்கு தேதிகள் உண்டு. அவை ஒன்றாக அமைவது அபூர்வம். ரயில் எட்டாத ஊர்களுக்கு மாட்டு வண்டியில் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்த காலம் அது. போகிற வழியிலேயே வேறு ஊருக்கு மாற்றலாகி, முதல் உத்தரவு ரத்தாவதும் நடக்கக்கூடியதே.

மூன்று பெயர்கள் வருவதற்கும் எளிய காரணம் இருக்கலாம். மேலே ஒரு பிரின்சிபல் சதர் அமீன் (முன்சீப்புக்கு மேல்நிலை நீதிபதி) உடல்நலமின்றி விடுப்பில் போனால், அவர் இடத்தில் மூத்த முன்சீப் ஒருவர் ஆக்டிங் பார்ப்பார். அந்த முன்சீப்பின் கோர்ட்டுக்கு வேறொருவர் வருவார். விடுப்பு முடிந்ததும் வந்தவர்கள் எல்லாரும் வந்த வழியே இறங்கிப் போவார்கள். ஒரே ஒரு விடுப்பு கெஜட்டில் ஐந்தாறு வரிகளை உண்டாக்கிவிடும். எனவே உங்கள் கோர்ட்டின் பெயரை மட்டும் தேடாமல், அதே இதழில் மேல்நிலைப் பதவிகளின் விடுப்பு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். முடிச்சு தானாக அவிழும்.

ஆக்டிங் முன்சீப்பைப் பட்டியலிலிருந்து விடவே கூடாது. அவர் கொடுத்த தீர்ப்பு நிரந்தர முன்சீப் கொடுத்த தீர்ப்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. பெயருக்கு எதிரே ஆக்டிங் என்று குறித்துவிட்டால் போதும். அக்காலத் தீர்ப்பின் நகலோ டிக்ரியோ ஒன்று கிடைத்தாலும் அதைக் கெஜட்டுக்கு மேலாக மதியுங்கள். தேதியும் கையொப்பமும் அதில்தான் இருக்கும்.

இன்னொன்று. நீங்கள் பார்க்கும் ஆண்டுகள் கோர்ட்டு அமைப்பே மாறிய ஆண்டுகள். 1862 ஜனவரி 1-இல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 26-ஆம் தேதிய அரச சாசனத்தின்படி, கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத்தும் நகரத்தின் சுப்ரீம் கோர்ட்டும் மறைந்து, ஆகஸ்ட் 15-இல் சென்னை உயர் நீதிமன்றம் உதித்தது. ஆகையால் அதுவரைக்கும் சதர் அதாலத்தின் நடவடிக்கைத் தொகுதிகளிலும், அதன்பின் உயர் நீதிமன்றத்தின் ஆவணங்களிலும் தேட வேண்டும். இடையில் தொடர்பு அறுந்ததுபோல் தெரிந்தால் பதறாதீர்கள். பிரின்சிபல் சதர் அமீன் என்ற பெயரும் பின்னாளில் சப் ஜட்ஜ் ஆகிவிட்டது. முன்சீப்பின் அதிகார வரம்பை 2,500 ரூபாய் என்று சொல்லும் சிவில் கோர்ட்டுகள் சட்டம் 1873-இல்தான் வந்தது. அதை 1861-க்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அந்தத் தலைமுறை முன்சீப்புகளைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 1850-களில் தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்த முத்துசாமி ஐயர், பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் அச்சிட்டார். ஆங்கிலம் அறியாத வக்கீல்களும் கட்சிக்காரர்களும் அதனால் அடைந்த நன்மையை லண்டன் பதக்கம் எதனோடும் ஒப்பிட மாட்டேன்.

கிண்டி காப்புரிமையாளர்:

எழும்பூர் வாசகர் ஐயா சொன்னது 1862-க்குச் சரி. ஆனால் கண்காட்சிக்காகவே இங்கே சட்டம் இயற்றிய சந்தர்ப்பமும் உண்டு என்பதால் இதைச் சேர்க்கிறேன். புதிய கண்டுபிடிப்பைப் பொதுமக்கள் முன் காட்டிவிட்டால் அதன் புதுமை போய்விடும். புதுமை போனால் காப்புரிமை கேட்க முடியாது. 1873 வியன்னா கண்காட்சிக்குப் போகப் பல நாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் தயங்கியதற்கு, தங்கள் கருவியை அங்கே எவரும் நகலெடுத்துவிடலாம் என்ற அச்சமே காரணம். 1883 டிசம்பரில் கல்கத்தா சர்வதேசக் கண்காட்சி திறக்கப்பட்டபோது, அதே ஆண்டின் கண்டுபிடிப்புப் பாதுகாப்புச் சட்டம், கண்காட்சி திறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் புதுமை கெடாது என்று காத்தது. இன்றும் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் அந்தச் சலுகை பன்னிரண்டு மாதமாக வாழ்கிறது; மத்திய அரசு கெஜட்டில் அறிவிக்கும் கண்காட்சிகளுக்கே அது பொருந்தும். ஆக, 1883-க்குப் பிந்தைய கெஜட்டுகளில் கண்காட்சி அறிவிப்பைக் கண்டால், அது வெறும் நுழைவு நிபந்தனையா, சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பா என்று பிரித்துப் பாருங்கள்.

பாரிமுனை வழக்கறிஞர்:

மூவருக்கும் மிக்க நன்றி. சிரஸ்தார் ஐயா சொன்னபடி மேல்நிலை விடுப்பு வரிகளைத் தேடியதில், ஆக்டிங் பெயருக்கான காரணம் விளங்கிவிட்டது. ஒரு பிரின்சிபல் சதர் அமீனின் விடுப்புதான். மூன்றாவது பெயர் மட்டும் எங்கும் ஒட்டாமல் நிற்கிறது. அவர் சார்ஜ் எடுத்ததாகவோ, உத்தரவு ரத்தானதாகவோ ஒரு வரியும் இல்லை.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:

அப்படியானால் 1862-க்கான அசைலம் பிரஸ் அல்மனாக்கைத் தேடிப் பாருங்கள், ஐயா. ஆண்டுதோறும் வெளியான அந்தத் தொகுதியில் அதிகாரிகளின் பட்டியல் இருக்கும்; கன்னிமாரா நூலகத்தில் விசாரிக்கலாம். அதில் அவர் பெயர் வேறு ஊருக்கு நேராக இருந்தால், உங்கள் கோர்ட்டுக்கு அவர் வராமலே போயிருக்க இடமுண்டு. ஆனால் அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த கணக்கு. நடுவில் இரண்டு மாதம் வந்து போனவர் அதில் விழ மாட்டார். இரண்டிலும் தெளிவு கிடைக்காவிட்டால், பெயரை எழுதி, உத்தரவு மட்டும் காணப்படுகிறது என்று எதிரே குறித்துவிடுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்திருந்தால் கிரேடை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலெழுத்தை நம்ப வேண்டாம், அச்சுக் கோப்பவர்கள் அதில் அடிக்கடி சறுக்கியிருக்கிறார்கள்.