புதுப்பிப்பு: பதிவுக்கு முன்னால் நின்றுபோன வீட்டுக்கடன்

போன மாதம் புலம்பியிருந்தேன்: பத்திரப்பதிவுக்கு 9 நாள் இருக்கும்போது வங்கி கைவிரித்துவிட்டது, 5 லட்சம் அட்வான்ஸ் மாட்டிக்கொண்டது என்று. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கினேன். எப்போதோ முழுசாகக் கட்டி முடித்த கிரெடிட் கார்டை, அதைக் கொடுத்த வங்கி 'செட்டில்டு' என்று பதிந்து வைத்திருக்கிறது. அதாவது, நான் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவனாம்!

பாக்கி இல்லை என்று காட்டும் நோ டியூ சான்றிதழோடு, நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில் நிறுவனத்தில் ஆட்சேபம் பதிந்தேன். புகாரைத் தீர்க்க 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. 22ஆம் நாளே திருத்திவிட்டார்கள், அந்தக் காசு போச்சு.

வீடு விற்பவரை நேரில் பார்த்துச் சொன்னேன். முகம் சுளித்தார்; ஆனாலும் 45 நாள் அவகாசத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். வேறு வங்கியில் மனு போட்டாச்சு. பத்திரங்களைச் சரிபார்க்கும் லீகல் வேலை முடிந்தது, வீட்டை மதிப்பிட இன்ஜினியர் செவ்வாய்க்கிழமை வருகிறார்.