ரெஸ்யூமே பார்க்க நல்லா இருக்கு, அப்லோடு பண்ணினா குழம்புது: உதவுங்க

புதுக்கணக்கு:
வணக்கம். வேர்டில் ஒரு டெம்ப்ளேட் எடுத்து ரெஸ்யூமே செஞ்சிருக்கேன். இடப்பக்கம் கருநீலப் பட்டை, அதுக்குள்ள திறமைகள், ஒவ்வொண்ணுக்கும் ஸ்டார். வலப்பக்கம் அனுபவம். மேலே பெயர், போன், மெயில். வேலைக்கான தளங்கள்ல அப்லோடு பண்ணினா படிவம் தானா நிரம்பும் இல்லையா, அதுல பெயர் கட்டத்துல 'எக்செல்'னு வருது! போன் நம்பர் காலி. வேற கம்ப்யூட்டர்ல திறந்தா ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகுது. எல்லாம் அடங்கணும்னு எழுத்தை 9 பாயின்ட்ல வச்சிருக்கேன். டிசைனை மொத்தமா தூக்கிப் போடாம சரிபண்ண வழி இருக்கா?

வெள்ளைத்தாள்:
முதல்ல ஒரு சோதனை. பிடிஎஃப் ஆக்கி, எல்லாத்தையும் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்க. வர்றதை அப்படியே இங்க போடுங்க.

புதுக்கணக்கு:
இப்படி வருது:
"எக்செல் பவர்பாயின்ட் ஜூன் 2021 – ஆங்கிலம் கணக்கு உதவியாளர் மார்ச் 2024 மாதாந்திர…"
ஆனா போன் நம்பர் (இங்க போடல) ஒட்டினதுல சரியா இருக்கே?

வெள்ளைத்தாள்:
குழப்பம் அங்கதான். பட்டைக்குள்ள இருக்கிறது டெக்ஸ்ட் பாக்ஸ், அதாவது பக்கத்து மேல தனியா வச்ச எழுத்துப் பெட்டி. நம்ம கண் இடம் பார்த்துப் படிக்கும்; மென்பொருள் ஃபைலுக்குள்ள எது முன்னாடி இருக்கோ அதைப் படிக்கும். போன் நம்பர் விஷயம் வேற. வேர்டுல அது மேல டபுள் கிளிக் பண்ணுங்க. மற்ற எழுத்தெல்லாம் மங்கிப்போனா நம்பர் ஹெட்டர்ல, அதாவது பக்கத்தோட மேல் ஓரத்துல தனியா இருக்கிற பகுதியில, இருக்குன்னு அர்த்தம். வேர்டு ஃபைலா அப்லோடு பண்ணும்போது சில தளங்கள் ஹெட்டரைக் கண்டுக்காது. அதை வெட்டி பக்கத்தோட முதல் வரியில ஒட்டுங்க.

ஒற்றைவரி:
கலர் எல்லாம் எதுக்கு ப்ரோ? கறுப்பு வெள்ளை, ரெண்டா பிரிக்காம ஒரே நெடுவரிசை, முடிஞ்சது.

அச்சுக்கோர்ப்பு:
ஒரே நெடுவரிசை சரி. கலரை ஏன் துரத்தணும்? பட்டையை எடுத்துட்டு அதே கருநீலத்தை பெயருக்கும் தலைப்புகளுக்கும் மட்டும் கொடுங்க. டிசைன் பிடிச்சதுக்குக் காரணம் அந்த நீலம்தான்னு நினைக்கிறேன், பட்டை இல்ல. கறுப்பு வெள்ளையில பிரின்ட் எடுத்தாலும் கருநீலம் தெளிவா விழும். வெளிர் சாம்பல்ல தேதி போட்டிருந்தா மாத்துங்க. வெள்ளைப் பின்னணியில சின்ன எழுத்துக்கு 4.5:1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) வேணும்ங்கறது இணைய அணுகல் நெறி. சாம்பல்ல 767676ங்கற கலர் கோடு கிட்டத்தட்ட அதோட எல்லை. அதைவிட வெளிறினா வேண்டாம்.

எழுத்து 10.5 அல்லது 11, தலைப்பு 13, பெயர் 20. ஒரே ஃபான்ட் போதும், தடிமனை மாத்தினாலே வித்தியாசம் தெரியும். முக்கியமானது இடைவெளி: தலைப்புக்கு மேல 12 பாயின்ட், கீழ 4. அப்பத்தான் தலைப்பு தன் பத்தியோட ஒட்டி நிக்கும். சில டெம்ப்ளேட்கள்ல மேலயும் கீழயும் சமமா விட்டிருப்பாங்க, தலைப்பு அந்தரத்துல தொங்கும். தேதியை வலது ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கிட்டே இருக்காதீங்க, ரைட் டேப் வைங்க, டேப் கீயைத் தட்டினதும் தேதி வலது ஓரத்துல போய் நிக்கும்.

ஸ்டார் பத்தி ஒரு வார்த்தை. அஞ்சுக்கு நாலுன்னா யார் போட்ட மார்க்? 'எக்செல்: பிவட் டேபிள், வி-லுக்கப்'னு தெரிஞ்ச வசதிகளை எழுதினா படிக்கிறவருக்கும் புரியும், தேடுற மென்பொருளுக்கும் கிடைக்கும்.

வெள்ளைத்தாள்:
பக்கம் நீள்றதுக்கு: உங்க ஃபான்ட் அந்தக் கம்ப்யூட்டர்ல இல்லைன்னா வேர்டு வேற ஒண்ணைப் போட்டுக்கும், எழுத்தகலம் மாறி வரி மடங்கும். பேப்பர் அளவையும் பாருங்க. ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர்ங்கற அமெரிக்க அளவு 279 தான். வேர்டு ஃபைலே வேணும்னு கேட்காத இடத்துக்கு பிடிஎஃப் அனுப்புங்க. ஸ்கேன் பண்ணினதோ படமா மாத்தினதோ வேண்டாம், அதுல மென்பொருள் படிக்கிற மாதிரி எழுத்தே இருக்காது.

புதுக்கணக்கு:
ரொம்ப நன்றி. பட்டை போச்சு, நீலம் இருக்கு. நம்பர் ஹெட்டர்லதான் இருந்தது. இப்ப படிவம் சரியா நிரம்புது. ஆனா 10.5 வச்சதும் மூணு வரி ரெண்டாம் பக்கத்துக்குப் போகுது. 10 ஆக்கிடவா?

அச்சுக்கோர்ப்பு:
எழுத்துல கை வைக்காதீங்க. மேலே 'குறிக்கோள்'னு ஒரு பத்தி இருக்கும் பாருங்க, அதை எடுங்க.

புதுக்கணக்கு:
எடுத்தாச்சு. ரெண்டு வரிக்கு இடம் மிச்சமே இருக்கு.