ஞாயிறு இரவு விமானம், காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்யணுமாம்: வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் பினாங்கில், பத்து ஃபெரிங்கி கடற்கரையில் டைம்ஷேர் யூனிட் (பலர் முறைவைத்துப் பயன்படுத்தும் விடுமுறைக் குடியிருப்பு), இரண்டு படுக்கையறை. ஞாயிறு காலை 10 மணிக்குள் செக்-அவுட். கோலாலம்பூர் விமானம் இரவு 9.15க்கு. கூட வருவது 78 வயது அம்மா. மதியம் படுத்தே ஆகணும், இன்னும் திறக்காத இன்சுலின் பேனாவும் குளிரிலேயே இருக்கணும்.

சாதாரண ஹோட்டலில் கேட்டால் பெரும்பாலும் மதியம் 1 மணி வரை அறையில் இருக்க விடுவாங்க. டைம்ஷேரில் அது கஷ்டம். வாரக் கணக்கில் தருவதால் வார இறுதியில்தான் பல யூனிட் ஒரே நேரத்தில் கைமாறும். சமையலறை, பாத்திரம், ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சரிபார்த்து, 3 அல்லது 4 மணிக்கு அடுத்தவருக்குத் தரணும். தாமதமாகக் காலி செய்ய அனுமதி வாங்கினாலும், கதவு திறக்கும் கீ கார்டில் புது நேரத்தைப் பதிய மறந்தால், நீச்சல் குளத்துக்குப் போய் வந்தவர் ஈரத்துணியோடு வெளியேதான் நிக்கணும்.

டைம்ஷேர் உறுப்பினர்கள் தங்குவதற்குச் செலவழிக்கும் புள்ளிகள் மீதமிருந்தால் ஞாயிறு இரவையும் சேர்த்து முன்பதிவு செய்துவிட்டு மாலையில் கிளம்புவதே நிச்சயமான வழி. எங்களிடம் புள்ளி இல்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்க:
முந்தின நாள் மாலை வரவேற்பில் கேட்பதா, அன்று காலை 8 மணிக்கா? மணிக்கணக்கில் கட்டணமா, அரைநாள் வாடகையா? பெட்டிகளை வைத்துவிட்டுக் குளிக்கத் தனி அறை உண்டா? இல்லையென்றால் விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் 12 முதல் 6 வரை மட்டும் அறை தரும் இடம், லிஃப்ட் இருப்பதாக, சொன்னால் பெரிய உதவி. ஞாயிறு மாலை ஃபெரிங்கி சாலை நெரிசலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?