வார்லி பாடாவில் 48 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத் தலைமை: எதிலிருந்து தொடங்குவது?

முலுண்ட்_டீச்சர்:

மும்பைத் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். பால்கர் மாவட்டம் டஹாணு தாலுகாவில், வார்லிப் பழங்குடியினர் வாழும் ஒரு பாடாவில் (குக்கிராமத்தில்) நடக்கும் சின்னப் பள்ளிக்கு வரும் ஜூனில் தலைமையாசிரியையாகப் போகிறேன். ஒன்று முதல் ஐந்து வரை 48 பிள்ளைகள். 40 பேர் வார்லி, 8 பேர் காத்கரி என்ற இன்னொரு பழங்குடி. இரண்டு அறை, ஒரு சமையல் கொட்டகை, மராத்தி வழி. அங்கீகாரம் இருக்கிறது, அரசு மானியம் இல்லை, டிரஸ்ட் நடத்துகிறது. ஏற்கனவே இரண்டு பேர் கற்பிக்கிறார்கள்: நாசிக் பக்கத்திலிருந்து வந்த, டி.எட். (ஆசிரியர் பயிற்சி) முடித்த ஆசிரியர் ஒருவர், அதே பாடாவில் பிறந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருவர்.

எனக்கு மராத்தி நன்றாக வரும், வார்லி வராது. "பண்பாட்டில் வேரூன்றிய பள்ளி" என்று டிரஸ்ட் சொல்கிறது. அது ஆண்டு விழாவில் தார்ப்பா என்ற ஊதுகருவிக்கு நடனம் ஆடவைப்பதோடு நின்றுவிடக் கூடாது. முதல் ஆண்டில் எதைக் கையில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது? தீபாவளி முடிந்ததும் நிறையக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுமாம். அதற்கு என்ன செய்வது?

தாராவி_வாத்தியார்:

வணக்கம் மேடம். மொழியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் வார்லி பேசும் குழந்தைக்குப் பாலபாரதியின் (மாநிலப் பாடநூல் நிறுவனம்) மராத்திப் புத்தகம் பாதி அந்நிய மொழி. புரியாமல் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "மந்தம்" என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பெயர் அப்புறம் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்திலேயே, அந்த இளம் ஆசிரியையையும் பாடாவின் இரண்டு மூன்று மூத்த பெண்களையும் உட்காரவைத்து 300 சொற்கள் திரட்டுங்கள். உடம்பு, உறவு, வயல், மீன், மரம், அடுப்படி. வினைச்சொற்களை விட்டுவிடாதீர்கள், குறைந்தது 80 வேண்டும். இப்படித் திரட்டும் பட்டியல்களில் பெரும்பாலும் பெயர்ச்சொல்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஆசிரியரால் "எடு", "எண்ணு", "அழித்துவிட்டு மறுபடி எழுது" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தேவநாகரியில் எழுதி, பாடநூல் மராத்தியோடு ஒப்பிட்டு மூன்று கட்டாகப் பிரியுங்கள்: அப்படியே இருப்பவை, ஒலி மட்டும் மாறுபவை, முற்றிலும் வேறானவை. மூன்றாவது கட்டைத்தான் பாடமாக நடத்த வேண்டும். மற்ற இரண்டையும் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்றாம் வகுப்பில் முதல் மூன்று மாதம் பேச்சு முழுக்க வார்லியில் இருக்கட்டும். எழுத்தை வார்லிச் சொற்களை வைத்தே அறிமுகப்படுத்துங்கள். மராத்தி தினமும் அரை மணி நேரம், வாய்மொழியாக மட்டும்: பாட்டு, கட்டளை விளையாட்டு, படம் பார்த்துச் சொல்வது. மராத்தி வாசிப்பு செப்டம்பரில் தொடங்கலாம். இரண்டாம் வகுப்பு முடியும்போது மராத்தி முன்னுக்கு வந்துவிடும். ஆனாலும் புரியவைப்பதற்கான மொழியாக வார்லி ஐந்தாம் வகுப்பு வரை இருக்க வேண்டும். 2000-லிருந்து மகாராஷ்டிராவில் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலமும் உண்டு, அதற்கு 20 நிமிடம் பேச்சுப் பயிற்சி போதும்.

இது எங்கே கெடும் என்றால், கேந்திரப் பிரமுக் (அப்பகுதிப் பள்ளிகளை மேற்பார்க்கும் கல்வி அதிகாரி) பார்வையிட வரும் நாளில். ஆசிரியர் சட்டென்று மராத்திக்கு மாறுவார். தங்கள் பேச்சு மறைக்க வேண்டிய ஒன்று என்று பிள்ளைகள் அந்த நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். அதனால் கால அட்டவணையிலேயே "வார்லி நேரம்" என்று எழுதிச் சுவரில் மாட்டுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29(2)(f) முடிந்தவரை தாய்மொழி வழி என்றே சொல்கிறது. கேட்பவருக்கு அதைக் காட்டுங்கள்.

பெற்றோரிடமிருந்தும் எதிர்ப்பு வரும். "எங்கள் பேச்சு எங்களுக்குத் தெரியும், மராத்தியும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுங்கள்" என்பார்கள். அது நியாயமான கேள்வி, வாதாடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரவர் பிள்ளையை அவர்கள் முன்னால் மராத்தி வாசிக்க வையுங்கள்.

அந்த இளம் ஆசிரியையை உதவியாளராக வைக்காதீர்கள். தகுதி பெற்றவர் ஒன்றாம் வகுப்பில் நின்று மராத்தியில் பேச, மொழி தெரிந்தவர் பிள்ளைகளைக் கூட்டிவரவும் கொட்டகையைப் பெருக்கவும் போவது இந்த மாதிரிப் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது. ஒன்று, இரண்டு வகுப்புகளின் மொழி நேரத்தை அவர் நடத்தட்டும். பதிவேட்டில் வகுப்பாசிரியராக டி.எட். முடித்தவர் இருக்கட்டும். இந்த ஆண்டே அந்த இளம் ஆசிரியையை டி.எல்.எட். என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு, அதன் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. கட்டணத்தை டிரஸ்ட் கட்ட வேண்டும்.

காத்கரிப் பிள்ளைகள் எட்டுப் பேரைத் தனியாகக் கவனியுங்கள். மகாராஷ்டிராவில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய மூன்றில் காத்கரி ஒன்று, மற்றவை கோலாம், மாடியா கோண்டு. இவர்கள் பேச்சு வேறு. சாப்பாட்டு வரிசையில் தானாகவே ஓரமாக உட்காருவார்கள். "ஆதிவாசிப் பள்ளி" என்ற ஒரே பெயருக்குள் இந்த இடைவெளி தெரியாமல் போய்விடும். உட்காரும் இடத்தை வாரம் ஒருமுறை நீங்களே மாற்றுங்கள். சொல் திரட்டும்போது காத்கரிச் சொல்லுக்கும் ஒரு பத்தி விடுங்கள்.

பால்கர்_லோக்கல்:

சூளைப் பிரச்சினையைத் தீபாவளிக்குப் பிறகு பேசிப் பயனில்லை மேடம். வீட்டில் நெல் தீர்ந்துபோகும் மழைக்காலத்திலேயே முகாதமிடம் (சூளைக்கு ஆள் பிடிக்கும் தரகரிடம்) முன்பணம் வாங்கிவிடுவார்கள். வாங்கிய குடும்பம் போய்த்தான் ஆக வேண்டும். ஆகஸ்டிலேயே வீடு வீடாகப் போய் மூன்று பட்டியல் போடுங்கள்: கட்டாயம் போகிறவர்கள், பாட்டியிடம் பிள்ளையை விட்டுப் போகக்கூடியவர்கள், இன்னும் முடிவெடுக்காதவர்கள்.

இரண்டாவது பட்டியலுக்குப் பள்ளி தரவேண்டியது இரவுச் சாப்பாடும், ஏழு மணி வரை விளக்கும் ஆளும். பாட்டிகள் மறுப்பது பெரும்பாலும் உலைக்கு அரிசி இல்லாததால்தான். பருவகால விடுதித் திட்டம் ஒன்று அரசிடம் இருக்கிறது, ஹங்காமி வஸதிக்ருஹம் என்பார்கள். உங்கள் பாடாவுக்குக் கிடைக்குமா என்று பஞ்சாயத்து சமிதியின் கல்வி அலுவலகத்தில் செப்டம்பரிலேயே கேளுங்கள்.

கட்டாயம் போகும் பிள்ளைக்கு "சிக்ஷண் ஹமி" (கல்வி உத்தரவாத) அட்டை கொடுத்து அனுப்புங்கள். எந்த வகுப்பு, வாசிப்பில் எந்தப் படி, கணக்கில் எந்தப் படி, பள்ளியின் போன் எண், எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிவண்டி, வசாய் பக்கத்தில் எந்தச் சூளை என்பதைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி) பள்ளிக்கு நீங்களே போன் செய்யுங்கள். அட்டையை மட்டும் நம்பினால் அது துணி மூட்டையிலேயே கிடக்கும். ஜனவரியில் ஓர் ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். இங்கே பெயரை நீக்கவும் கூடாது, வராத நாளுக்கு வருகை போடவும் கூடாது.

சட்டம் கேட்பது ஒன்று முதல் ஐந்து வரை 200 வேலைநாள், 800 மணி நேரம். ஜூன் நடுவிலிருந்து தீபாவளி வரை ஏறத்தாழ 100 நாள் கிடைக்கும். தினம் ஐந்தரை மணி நேரம் என்றால் 550 மணி நேரம். எழுத்து, வாசிப்பு, கூட்டல் கழித்தலை இந்தக் காலத்துக்குள் முடிக்கும்படி பாடத்தை முன்னுக்கு இழுங்கள். படம், கைவேலை, சுற்றுலா எல்லாம் டிசம்பருக்குப் போகட்டும். ஜூலையில் நாற்று நடும் வாரத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேலே வருகை விழும். அந்த வாரம் மட்டும் காலை ஏழு முதல் பதினொன்று வரை வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் உங்கள் தாலுகாவுக்குப் புதிதில்லை. குழந்தைக் கல்வி முன்னோடிகளான தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945-ல் போர்டியில் தொடங்கி, பிறகு கோஸ்பாட் மலையில் நடத்திய வேலையில், மாடு மேய்க்கும் பிள்ளைகளைத் தேடி ஆசிரியரே மேய்ச்சல் நிலத்துக்குப் போன "குரண்சாலா" இருந்தது. பள்ளி தன் நேரத்தை மாற்றிக்கொண்டது, பிள்ளையின் வேலைநாளை அல்ல. கோஸ்பாட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

கூட்டத்தைப் பள்ளியில் போடாதீர்கள். பாடாவில், இருட்டிய பிறகு, வாரச் சந்தை இல்லாத நாளில் போடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்ற விதி மானியமில்லாத தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அதையே பின்பற்றுங்கள். பெண்களிடம் முதல்நாள் தனியாகப் பேசிவிட்டால் மறுநாள் பொதுக் கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பார்கள். விடுமுறை நாள், சாப்பாடு, வார்லி நேரம், புது ஆசிரியர் நியமனம், இந்த நான்கிலும் முடிவு குழுவின் கையில் இருக்க வேண்டும். வெறும் ஆலோசனை கேட்டுவிட்டு டிரஸ்ட் முடிவெடுத்தால் மூன்றாவது கூட்டத்துக்கு ஆள் வராது. தீர்மானத்தை எழுதியதும் சத்தமாக வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

சயான்_கணக்கர்:

பிள்ளைகளின் சேர்க்கை விவரம் இருக்கும் ஜெனரல் ரெஜிஸ்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் வாரமே அதைப் பூட்டுப்போட்ட அலமாரியில் வையுங்கள், பிறகு 48 பெயரையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சாதிக் கட்டத்தில் "ஆதிவாசி" என்றோ "இந்து" என்றோ மட்டும் எழுதியிருந்தால் பிள்ளை பிற்காலத்தில் மாட்டிக்கொள்ளும். எந்தப் பழங்குடி என்று இருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் எஸ்.டி. இட ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்கோ அரசு வேலைக்கோ போகும்போது சாதிச் சான்று மட்டும் போதாது, ஆய்வுக் குழுவின் செல்லுபடிச் சான்றும் வேண்டும். அங்கே 6 செப்டம்பர் 1950-க்கு முந்தைய குடும்ப ஆவணம்தான் வலுவான சான்று. தாத்தா படித்த பழைய பள்ளியின் பதிவு இருந்தால் நகல் வாங்கி, பிள்ளையின் கோப்பில் வையுங்கள். பெயர், குலப்பெயர் எழுத்து அதோடு பொருந்துகிறதா பாருங்கள்.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் 1 என்று போட்டிருப்பார்கள். அங்கன்வாடிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவு மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிறந்து ஓராண்டு கடந்த பதிவுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு தேவை, அதனால் மொத்தமாக ஒரே நாளில் மனு கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 14. பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு பதிவைத் திருத்துவது பெரும்பாடு. படிக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பணம்: கம்பெனிகள் தரும் சி.எஸ்.ஆர். நிதி பெரும்பாலும் ஓராண்டுக்கு, கட்டடத்துக்கும் டேப்லெட்டுக்கும் வரும், சம்பளத்துக்கு வராது. ஆறு மாதச் சம்பளம் தனிக் கணக்கில் இல்லாமல் புது வேலை எதையும் தொடங்கவேண்டாம். ஒவ்வொரு மாத வரவு செலவையும் மராத்தியில், பெரிய எழுத்தில், சமையல் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள்.

முலுண்ட்_டீச்சர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். மதிய உணவுக்குப் பணம் தரும் நன்கொடையாளர் சைவம் மட்டுமே என்கிறார். இரண்டாவது, பாடாப் பெரியவர்களை வகுப்புக்கு அழைத்தால் எப்படிக் கொடுப்பது, என்ன கொடுப்பது?

செம்பூர்_அடுப்படி:

அந்த நிபந்தனையை ஏற்காதீர்கள் அக்கா. சுகட் கருவாடும் நண்டும் முட்டையும் அங்கே வீட்டுச் சாப்பாடு. அதைப் பள்ளிக்குள் அசுத்தம் என்று ஆக்கிவிட்டு, சுவரில் வார்லி ஓவியம் வரைவதில் என்ன இருக்கிறது? அரிசியும் எண்ணெயும் மட்டும் அவர் கொடுக்கட்டும், முட்டைக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

அளவுக்கு அரசின் மதிய உணவுத் திட்டமான பி.எம். போஷன் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு தானியம் 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5. மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். 48 பேருக்கு அரிசி 4.8 கிலோ, பருப்பு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, காய் 2.4 கிலோ. வாரம் இரண்டு நாள் அரிசிக்குப் பதில் நாகலி பாக்ரி (ரொட்டி) போடுங்கள். நாகலி நம்மூர்க் கேழ்வரகுதான், பாடாவிலேயே வாங்கலாம். மழைக்காலத்தில் பருப்பில் பூச்சி விழும், அதனால் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

பால்கர் பகுதிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் நோய் (பரம்பரை ரத்த நோய்) உண்டு. பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அந்த நோயுள்ள பிள்ளைக்குத் தண்ணீர் குறைந்தாலோ குளிர் பட்டாலோ வலி வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் மணிக்கு ஒருமுறை தண்ணீர் என்று வைத்துவிட்டால் யாரையும் தனியாகக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

தாராவி_வாத்தியார்:

பெரியவர்களுக்குச் சால்வையும் தேங்காயும் வேண்டாம். அரை நாளுக்கு வந்தாலும் ஒரு முழுநாள் கூலி, அன்றே கையில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வவுச்சரில் "கௌரவ ஆசிரியர்" என்று எழுதுங்கள்.

என்ன கற்பிப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும். திருமணத்துக்குச் சுவரில் வரையும் சௌக் என்ற ஓவியம் சடங்குக்குரியது, சுமங்கலிப் பெண்கள் வரைவது. அதைப் பள்ளிச் சுவருக்கு அலங்காரமாகக் கேட்காதீர்கள். வயல், மீன்பிடி, மரம், கிணறு வரைய யாரும் தடை சொல்ல மாட்டார்கள். செம்மண் பூச்சு, அரிசி மாவுக் கரைசல், நுனி மென்ற மூங்கில் குச்சி, மூன்றும் அங்கேயே கிடைக்கும். தார்ப்பாவை நிகழ்ச்சிக்கு என்று எப்போது வேண்டுமானாலும் ஊதச் சொல்லாமல், எந்தப் பருவத்தில் ஊதலாம் என்று முதலில் கேளுங்கள். சுரைக்காயும் மூங்கிலும் சேர்த்து அதைச் செய்பவரை வகுப்புக்குக் கூப்பிட்டால் ஐந்தாம் வகுப்புக்கு அளவீட்டுப் பாடம் அதிலேயே கிடைக்கும்.

இன்னொன்று. 60 பிள்ளைகள் வரை சட்டம் கேட்பது இரண்டு ஆசிரியர்தான், தனித் தலைமையாசிரியர் பணியிடம் கிடையாது. அதனால் நீங்கள் அலுவலக மேசையில் உட்கார வேண்டாம், தினம் இரண்டு மணி நேரமாவது மூன்று முதல் ஐந்து வகுப்புக்குக் கணக்கு எடுங்கள். டஹாணு ரோடு வரை லோக்கல் வருகிறது என்று தினமும் முலுண்டிலிருந்து போய்வர நினைக்காதீர்கள். கூட்டம் நடப்பது இரவில், நீங்கள் ரயிலில் இருப்பீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்குங்கள்.

வார இறுதியில் மும்பையிலிருந்து வரும் தன்னார்வலர்களுக்கு ஒரு பக்க விதி எழுதி வையுங்கள்: பிள்ளைகள் படம் எடுக்கக் கூடாது, பழைய துணியும் மிட்டாயும் கொண்டுவரக் கூடாது, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி சந்தேகம் வந்தாலே புகார் செய்வது கட்டாயம், பள்ளிக்குள் பேசித் தீர்ப்பது குற்றம். இதை ஜூன் முதல் வாரத்திலேயே இரண்டு ஆசிரியர்களுக்கும் நீங்கள் மராத்தியில் விளக்குங்கள், சமையல்காரருக்கு வார்லியில் விளக்க அந்த இளம் ஆசிரியையிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து வருகைப் பதிவேடு, யூடைஸ் (அரசின் பள்ளித் தகவல் தளம்) பதிவேற்றம், வங்கிக் காசோலையில் இரண்டாவது கையெழுத்து ஆகிய மூன்றையும் அந்த இளம் ஆசிரியையிடம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். டி.எல்.எட். முடித்து வரும்போது பள்ளியை நடத்தத் தெரிந்தவராக இருப்பார்.